வாலை விழுங்குகிறவர்கள்

எந்த நாற்காலியில் உட்காருவது என்பதிலேயே செண்பகவல்லிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எதிரே இருப்பவர்கள் முகத்தில் வெளிச்சம் விழும், உதடுகள் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் அத்தனை பேரும் கறுப்பாகத் தலையும் தோளும் மட்டும்தான், வாய் இருக்கிற இடத்தில் இருட்டு. அந்த நல்ல நாற்காலியில் முகுந்த் ஏற்கெனவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் பின்னால் இந்த ஆபீசில் சேர்ந்தவன், அவளுக்கு முன்னால் பார்ட்னர் ஆகிவிடுவான் என்று காப்பி மிஷின் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறவன், அப்படிச் சொல்கிறார்கள் என்றுகூட அவள் ஊகித்ததுதான், காதால் கேட்டதில்லை. "முகுந்த், எனக்கு இந்தப் பக்கம் ஏசி நேரா அடிக்குது. மாறிக்கலாமா?" என்றாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னான். அவள் பார்த்தது அவன் உச்சந்தலை வகிட்டை. 'உக்காருங்க' என்றானா, 'உக்காந்தாச்சே' என்றானா? எழுந்திருப்பான் என்று நின்றாள். எழவில்லை. அப்படியானால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். இல்லை, எழுந்திருக்கிறேன், ஒரு நிமிஷம் என்றிருப்பானோ? நிற்பதா, உட்காருவதா? முன்பின் தெரியாத கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றுகொண்டிருக்கிறோமே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அவன் இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தான், இன்னும் நிற்கிறாளே என்கிற பார்வை. சரி, அது 'மாட்டேன்'தான். அவள் மேஜையைச் சுற்றிப் போய் வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஜெமினி மேம்பாலத்தில் பஸ்கள் சத்தமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதால் சத்தமில்லையா, தன் காதால் சத்தமில்லையா என்பது இப்போதெல்லாம் அவளுக்கே தெரிவதில்லை.

ஏசி மட்டும் நன்றாகக் கேட்டது. அதுதான் கொடுமை. தாழ்ந்த சத்தங்கள் எல்லாம் அவளுக்கு உண்டு: ஏசியின் உறுமல், லிஃப்ட் இறங்கும் முனகல், யாராவது நாற்காலியைத் தரையில் இழுக்கும் கரகரப்பு. போய்விட்டவை மேலே இருக்கிற மெல்லிய சத்தங்கள். ச, த, க, ட, ஸ என்று வார்த்தைக்கு எலும்பாக இருக்கிற எழுத்துகள் உதிர்ந்துவிட்டன, உயிரெழுத்துகள் மட்டும் சதைபோல மிதந்து வருகின்றன. காது டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார், இடப்பக்கம் மேட்டில் ஆரம்பித்து வலப்பக்கம் பள்ளத்தில் விழுகிற கோடு. இன்னும் விழுமா என்று கேட்டாள். விழலாம் என்றாரா, விழாது என்றாரா என்று அங்கேயே சந்தேகம், மறுபடி கேட்க வெட்கம், வெளியே வந்துவிட்டாள். காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டும் பார்த்தாயிற்று. வீட்டில் குக்கர் விசில் மண்டையைப் பிளந்தது. இந்த ஆபீஸ் ஹாலில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அன்று யாரோ ஸ்பூனைத் தட்டில் போட்டது பல்லில் ஆணி அடித்தது மாதிரி இருந்தது, ஆனால் பக்கத்து சீட்டுப் பெண் பேசியது புரியவில்லை. மெஷின் இப்போது வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அது மட்டும் காரணமில்லை. காதுக்குப் பின்னால் அதை ஒருத்தர் பார்த்துவிட்டால் போதும். 'கேஸ் கட்டைச் செவிடிகிட்டயா குடுக்கறது' என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், படித்தவர்கள். கட்டு மட்டும் வராது.

சாரநாதன் உள்ளே வந்தார். இந்த வக்கீல் ஆபீஸ் அவருடையது, வாசல் பலகையில் இருப்பது அவர் அப்பா பெயர். பின்னாலேயே வெள்ளை வேட்டியில் சின்னியப்பன், கோயமுத்தூர்க் கட்சிக்காரர். தன் பம்ப் தொழிற்சாலையை வடக்கத்திக் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்போகிறவர். செண்பகவல்லி எழுந்து கும்பிட்டாள். இத்தனை மாதமும் அவரோடு வீடியோவில் பேசி, ஒப்பந்தத்தை ஷரத்து ஷரத்தாக எழுதி முடித்தவள் அவள்தான். திரையில் அவர் முகம் தட்டு மாதிரி பெரிதாக இருக்கும், மூக்கு கேமராவில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து பேசுவார். நேரில் உயரமாக, தூரமாக, யாரோ மாதிரி இருந்தார். மீசை இவ்வளவு அடர்த்தி என்று திரையில் தெரியவில்லையே. மேலுதட்டை மூடிக் கீழுதட்டிலும் விழுகிற மீசை. "நேர்ல உக்காந்து பேசினாத்தான் ஒரு மரியாதை," என்று சாரநாதன் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அது அவளுக்குப் புரிந்தது, ஏனென்றால் இந்த ஒரு மாதமாக அவர் எல்லோரிடமும் அதையேதான் சொல்கிறார், முன்பே தெரிந்த வாக்கியத்தைக் கேட்கக் காது எதற்கு? எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும், இனி வீட்டிலிருந்து வேலை கிடையாது என்று அவர் அறிவித்ததும் வீடியோவில்தான். மகாபலிபுரம் பக்கத்துப் பண்ணை வீட்டில் உட்கார்ந்துகொண்டு அறிவித்தார், பின்னால் மயில் கத்தியது. அந்த உத்தரவை அவள் ஓர் எழுத்து விடாமல் கேட்டாள். மயிலையும் கேட்டாள். "சட்டத் தொழில்ங்கறது பக்கத்துல இருந்து கத்துக்கறது. நான் எங்கப்பா பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டேன்." ஹெட்போனில் அவர் குரல் தேன் மாதிரி காதில் இறங்கியது. அப்புறம் ஒருநாள் தனியாகப் போய், "சார், நான் மட்டும் வீட்லேருந்தே பார்க்கறேனே, வேலை ஒண்ணும் நிக்கலையே," என்று கேட்டாள். "காரணம்?" என்றார். காரணம் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தூரம் சார்," என்றாள். மடிப்பாக்கம் என்ன தூரம்? அவர் சிரித்தார். "எல்லாருக்கும் தூரம்தாம்மா."

வீட்டிலிருந்து வேலை பார்த்த அந்த வருஷங்கள். மற்றவர்கள் அதைச் சிறை என்றார்கள், முதுகு வலி என்றார்கள், தனியாக இருந்து பைத்தியம் பிடிக்கிறது என்றார்கள். அவளுக்கு அதுதான் விடுதலை. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேச முடியாது. பேசுகிறவர் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழும், யார் பேசுகிறார்கள் என்று தேடித் தலையைத் திருப்ப வேண்டாம், திருப்புவதற்குள் பாதி போய்விடும் என்கிற பதற்றம் வேண்டாம். இங்கிலீஷில் பேசினால் அடியில் எழுத்தாகவே ஓடும். சத்தத்தை வேண்டிய மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. அந்த வருஷங்களில்தான் அவள் யார் என்று அவளுக்கே தெரிந்தது. எதிர்க்கட்சி வக்கீல்கள் மூச்சு விடும் இடத்தில் எங்கே தயங்குகிறார்கள் என்றுகூடக் கேட்டது. சாரநாதனே ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார், செண்பகவல்லி மாதிரி கூர்ந்து கவனிக்கிற ஆள் இந்த ஆபீசில் இல்லை என்று. கூர்ந்து கவனிக்கிற ஆள்! அவள் அன்றைக்குத் தனியாகச் சிரித்தாள், பிறகு ஏனோ அழுதாள். இப்போது அதே ஆபீஸ் அவளை ஹாலில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, 'என்ன, இப்பல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டீங்க, கூப்பிட்டா திரும்பறதில்ல' என்கிறது. திமிர் என்கிறார்கள் போலிருக்கிறது. திமிராகவே இருக்கட்டும். செவிட்டுத்தனத்தை விடத் திமிருக்கு மதிப்பு அதிகம்.

சின்னியப்பன் பேச ஆரம்பித்தார். மேஜையைப் பார்த்துப் பேசினார். உம்ம்ங்க, ஆஆங்க, உம்முங்க. ஐயோ, இவர் எல்லாவற்றின் பின்னாலும் ஒரு 'ங்க' போடுகிறாரே, திரையில் அது எவ்வளவு இதமாக இருந்தது, இங்கே அது கடைசிச் சொல்லின் மேல் போர்த்திய போர்வையாகக் கிடக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள் மேல் அவளுக்குப் பொதுவாகவே ஒரு கோபம் வளர்ந்திருந்தது. இந்த மொழியில் ஆமாமா இல்லையா என்பது வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. வரும், வராது. கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது. முடியும், முடியாது. தலையிலிருந்து இடுப்புவரைக்கும் எல்லாம் ஒன்றுதான், தீர்ப்பு வாலில். அந்த வால் வருகிற இடத்தில்தான் எல்லோருக்கும் மூச்சு தீர்கிறது, குரல் இறங்குகிறது, தலை குனிகிறது, காப்பியைக் குடிக்கிறார்கள். வாலை விழுங்கிவிடுகிறார்கள். கேட்கிறவர்கள் மீதியைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள் என்று ஒரு சொகுசு. அவளும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், காலையிலிருந்து மாலைவரை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் வாக்கியத்துக்கும் வால் ஒட்டி ஒட்டி. மாலையில் மெட்ரோவில் உட்கார்ந்தால் கழுத்தும் தாடையும் விறைத்திருக்கும், யாரோ அடித்துப் போட்ட மாதிரி. கேட்பது இப்படி ஒரு கூலி வேலை என்று காது உள்ளவர்களுக்குத் தெரியுமா?

அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். கோவில்பட்டியில் நூல் மில்லில் நூற்கும் கதிர்கள் இரைச்சலோடு ஓடுகிற கூடத்திலேயே ஆயுசு முழுக்க நின்றவர். அவருக்கு மில் தின்ற காது, இவளுக்கு யார் தின்றார்களோ. மில் வாசலில் சாயங்காலம் டீக்கடையில் அவரோடு வேலை செய்கிறவர்கள் அவர் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே கெட்ட வார்த்தை சொல்வார்கள், சிரிப்பு மாறாமல், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரியே சொல்வார்கள், அவரும் சிரித்துக்கொண்டே "சரி, சரி," என்று தலையாட்டுவார். கடைசியில் டீக் கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார், நல்ல மனுஷங்க என்பார். அந்தச் சிரித்த முகங்கள். அதனால்தான் இப்போது யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் உதட்டைத்தான் பார்க்கிறாள். முகுந்த் இப்போது சிரித்தான். எதற்கு? சாரநாதனும் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள், எல்லோரையும் விட அரை நொடி பிந்தி. என்ன பேச்சு என்றே தெரியாது. சின்னியப்பன் சிரிக்கவில்லை. அப்படியானால் அவரைப் பற்றியா? என்னைப் பற்றியா?

சுவரில் இருந்த பெரிய திரை ஒளிர்ந்தது. வாங்குகிற கம்பெனியின் மும்பை வக்கீல் கானோல்கர் அம்மாள் வந்துவிட்டார். அவர் தன் வீட்டில் இருந்தார். ஈரத் தலை, பின்னால் புத்தக அலமாரி, கையில் பெரிய கோப்பை. எதிரிக்கு வீட்டில் இருக்க அனுமதி உண்டு. அவர் இங்கிலீஷில் வணக்கம் சொல்லி, நிறுத்தி நிறுத்தி, முகத்தை நேரே காட்டிப் பேசியதும் செண்பகவல்லிக்குத் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது மாதிரி இருந்தது. இந்த அறையில் அவளுக்குப் புரிகிற ஒரே ஆள் எதிர்க்கட்சி. ஒன்றே ஒன்று பாக்கி என்றார் கானோல்கர். தொழிற்சாலையோடு பெயரும் வேண்டும். மரகதம் பம்ப்ஸ் என்கிற பெயர் இல்லாமல் இயந்திரங்களையும் கட்டடத்தையும் வாங்கி என்ன செய்வது? இது முன்பே பலமுறை வந்த பேச்சு. சின்னியப்பன் ஒவ்வொருமுறையும் பார்க்கலாமுங்க, யோசிக்கலாமுங்க என்று தள்ளிக்கொண்டே வந்தார். மரகதம் அவர் மனைவி. ஆரம்பத்தில் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றியவர் அந்த அம்மாள்தான். ஒருமுறை வீடியோவில் எட்டிப் பார்த்து, "சாப்ட்டீங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டு மறைந்தார், அது எவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"ஐயா, பேரையும் சேர்த்துக் கேக்கறாங்க. இன்னைக்கு முடிவு சொல்லணும். குடுக்கலாமா?" என்று செண்பகவல்லி கேட்டாள். சின்னியப்பனுக்குப் பின்னால் ஜன்னல் வெயிலாகக் கொதித்தது. அவர் முகம் இருட்டு. மீசை அதைவிட இருட்டு. தலையைக் குனிந்து துண்டால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னார். பேரு... விட்டு... குடுக்க... முடிய... ங்க. ஏசி உறுமியது. முகுந்த் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். முடியுமுங்க, முடியாதுங்க. எத்தனை அசை? மூன்றா, நான்கா? தலை அசைந்ததே, மேலும் கீழுமா, கழுத்தைத் துடைத்ததில் அசைந்ததா? இன்னொருமுறை கேள். கேட்டால்? ஏற்கெனவே காலையிலிருந்து மூன்று பேரிடம் 'என்ன, என்ன' என்றாயிற்று, சாரநாதன் புருவத்தைச் சுளித்தாயிற்று. இன்றைக்கு இதை முடித்துவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நேரில் வரவழைத்ததே சம்மதிக்க வைக்கத்தான். இத்தனை தூரம் வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர் முடியாது என்று சொல்லவா வந்திருப்பார்? வால் ஒட்டு. எப்போதும் ஒட்டுகிற மாதிரி ஒட்டு. அவள் ஒட்டினாள். திரையைப் பார்த்துத் திரும்பி, வீட்டிலிருந்து பேசிய நாட்களின் அதே கம்பீரமான இங்கிலீஷில், பெயரைக் கொடுக்க எங்கள் கட்சிக்காரர் சம்மதிக்கிறார் என்றாள்.

கானோல்கரின் கண்கள் விரிந்தன. நல்லது, குறித்துக்கொள்கிறேன் என்றார். அதற்குள் இந்தப் பக்கம் ஏதோ ஆகிவிட்டிருந்தது. நாற்காலி கரகரத்தது. சின்னியப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாதவர்தான், ஆனால் பெயரும் சம்மதமும் தெரியாதவர் இல்லை. மேஜைமேல் கையை ஊன்றி அவளைப் பார்த்து ஏதோ சொன்னார், நீளமாக, மீசை துடிக்க. சாரநாதன் பாய்ந்து திரைப்பேச்சின் ஒலியை அணைத்தார். அவரும் பேசினார். முகுந்தும் பேசினான். மூன்று பேர் ஒரே நேரத்தில். அவளுக்கு வந்தது குரல்களின் கூழ், அதில் ஒரு பருக்கைகூடக் கையில் அகப்படவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. வால் தப்பு. இந்த ஒரு மாதத்தில் எத்தனை வால் ஒட்டினோம், அதில் எத்தனை தப்பு, எதையெல்லாம் யார் யாரிடம் ஆமாம் என்றோம், பொய்யாக எத்தனை சம்மதம் இந்தக் கட்டடம் முழுக்கத் திரிகிறது? வாய்வார்த்தைதான், கையெழுத்து ஆகவில்லை, சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் பேரத்தில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க வேண்டுமென்றால் பதிலுக்கு வேறொன்றை வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்த அம்மாள் விட மாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட மாட்டேன்.

சாரநாதன் சின்னியப்பன் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். பிறகு அவர் தலைக்கு மேலாக முகுந்தைப் பார்த்துப் பேசினார், மெதுவாக, காற்றாக, பெரியவர் காதில் விழாத அளவுக்கு. அந்த ரகசியத்துக்காக அவர் ஒரு காரியம் செய்தார்: ஜன்னலை விட்டு நகர்ந்து, திரையின் வெளிச்சம் முகத்தில் விழும்படி முகுந்த் பக்கம் சாய்ந்தார். சவரம் செய்த முகம். பதின்மூன்று வருஷமாக அவள் சம்பளத்துக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற வாய். குரல் இல்லாததால் குழப்பமும் இல்லை. 'இருக்கட்டும் விடு.' அது நிச்சயம். அடுத்தது பேரு, அல்லது மேரு, உதட்டில் ரெண்டும் ஒன்றுதான், இந்த இடத்தில் மேரு மலைக்கு என்ன வேலை. பேரு போனா... என்ன? 'போகுது.' பிறகு கொஞ்சம் தெரியவில்லை. பிறகு 'கெழவனை நான் பாத்துக்கறேன்.' முகுந்த் தலையாட்டினான். இருவரும் சேர்ந்து அவளைப் பார்த்தார்கள். சாரநாதன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார், தட்டிக்கொடுக்கிற மாதிரி, தப்பு நல்லதுக்குத்தான் ஆயிற்று என்கிற மாதிரி. டீக்கடைப் புன்னகை. இதையும் ஒட்டுகிறேனோ? முக்கால்வாசி பார்த்தேன், கால்வாசி நானே போட்டுக்கொண்டேன். மறுபடியும் தப்பாக இருந்தால்? ஆனால் அந்தப் புன்னகை தப்பில்லை. அதை அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவர் அந்தப் புன்னகையோடு ஒலியைத் திறந்தார், அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்று இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தார். சின்னியப்பன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தார்.

சும்மா இரு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது, அது நன்றாகக் கேட்டது. சும்மா இருந்தால் தப்பு தப்பே இல்லை, சாமர்த்தியம். பார்ட்னர் ஆக்கக்கூட ஆக்கிவிடுவார். செண்பகவல்லி அவர் பேச்சை வெட்டினாள். "ஒரு திருத்தம்," என்றாள் திரையைப் பார்த்து. "பெயர் விஷயத்தில் நான் இப்போது சொன்னது தவறு. என் கட்சிக்காரர் முடியாது என்றுதான் சொன்னார். எனக்குக் காது சரியாகக் கேட்காது. முடியும் என்று எடுத்துக்கொண்டேன். பெயர் விற்பனைக்கு இல்லை."

அறையில் என்ன சத்தம் எழுந்ததோ, அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கானோல்கர் கோப்பையைக் கீழே வைத்தார். பரிதாபப்படப் போகிறார் என்று பயந்தாள். இல்லை, வக்கீல் வக்கீலாகவே இருந்தார். "அப்படியானால் இதுவரை ஒப்புக்கொண்ட மற்ற ஷரத்துகளும் தவறாகக் கேட்டு ஒப்புக்கொண்டவைதானா?" என்றார். நேராகக் கழுத்தில் வைத்த கத்தி. அந்தக் கத்தியின் சுத்தம் செண்பகவல்லிக்குப் பிடித்திருந்தது. "இல்லை," என்றாள். "அவையெல்லாம் நான் வீட்டிலிருந்து பேசியவை. அப்போது எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தையும் மாறாது." கானோல்கர் பேனாவை எடுத்தார். பெயர் இல்லையென்றால் விலையில் குறைப்போம் என்றார். எவ்வளவு என்று பேசலாம் என்றாள் இவள்.

அதற்குப் பிறகு பேச்சு நடந்தது, நடந்த விதம்தான் வேறு. அவள் நடந்ததைத் தமிழில் சொன்னதும் சின்னியப்பன் முதலில் அவளிடம்தான் வெடித்தார். "ஏனுங் அம்மிணி, எம் பொண்டாட்டி பேரைக் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வித்துப்போட்டீங்களே! காது கேக்காதுன்னா மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க?" அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னிக்கவில்லை, ஆனால் எழுந்துபோகவும் இல்லை. வீம்புக்கு என்றே ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் மேஜையைத் தட்டினார். "அந்த விலைக்கு ஒத்துக்க முடியா—து! ரெண்டு வருசம் வேற பட்டறை வெக்க மாட்டே—ன்!" தோட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினார். முகுந்த் வாயைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான், தோள் குலுங்கியது. அவமானம்தான், முகம் தீயாக எரிந்தது, ஆனால் இந்த மாதத்தில் முதல்முறையாக ஒரு மனிதரின் வாக்கியங்கள் தலையிலிருந்து வால்வரை முழுசாக அவள் கைக்கு வந்தன. கொஞ்சம் விலையை விட்டுக்கொடுத்துப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார். கும்பிடவில்லை. "மரகதத்துகிட்ட இதைச் சொல்ல மாட்டே—ன்," என்று அவளிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார். முழுசாகக் கேட்டும், அது மிரட்டலா, கருணையா என்று அவள் யோசிக்க வேண்டியிருந்தது.

முகுந்தை வெளியே அனுப்பிவிட்டுச் சாரநாதன் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் குரலில் எண்ணெய் தடவிக்கொண்டு, முகத்தைக் காட்டி, வாயைப் பெரிது பெரிதாகத் திறந்து, மந்தபுத்திக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். அந்த வாய் திறப்பை அவள் ஜென்மத்துக்கும் மன்னிக்கப் போவதில்லை. "ஏம்மா சொல்லலை? சொல்லியிருந்தா நான் என்ன மனுஷன் இல்லையா? நாளையிலேருந்து நீ வீட்லேருந்தே பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நானே எல்லாருக்கும் சொல்லிடறேன்."

"என் கட்சிக்காரங்க?"

"கட்சிக்காரங்களை முகுந்த் பாத்துக்கட்டும். உனக்கு டென்ஷன் இல்லாம டிராஃப்ட் மட்டும் அனுப்பறோம். நிம்மதியா எழுது."

வீடு. ஒரு மாதமாக ராப்பகலாக ஏங்கிய வீடு, அந்தச் சின்ன மேஜை, ஹெட்போன், காதுக்குள் நேராக இறங்குகிற குரல்கள். அந்தக் குரல்களை எடுத்துவிட்டு மேஜையை மட்டும் அவர் தருகிறார். அங்கே உட்கார்ந்து எழுதலாம், யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் கூப்பிடாத இடத்தில் காது கேட்டால் என்ன கேட்காவிட்டால் என்ன. இதற்கு அவர் கருணை என்று பெயர் வைத்திருக்கிறார். நான் வேண்டிக்கொண்டதையே எடுத்து என் வாயை அடைக்கிறார். "கட்சிக்காரங்களோட பேசறதா இருந்தா வீட்லேருந்து பார்க்கறேன் சார்," என்றாள். "அது இல்லைன்னா நான் இங்க தினம் வருவேன். எங்கிட்ட பேசறப்போ எல்லாரும் எம் முகத்தைப் பார்த்துப் பேசணும். அப்புறம், பெரியவரைப் பத்தி நீங்க முகுந்துகிட்ட சொன்னது எனக்குத் தெரியும்."

சாரநாதனின் பெரிதாகத் திறந்த வாய் அப்படியே நின்றது. எண்ணெய் வடிந்துபோன முகம். ஓ, சரியாகத்தான் படித்திருக்கிறேன், அந்தக் கால்வாசியையும் சேர்த்து. அவர் சட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். கைகள் பின்னால் கட்டியிருந்தன. காது மடல்கள் அசைந்தன, கழுத்தின் பின்பக்கம் ஏறி இறங்கியது. பேசுகிறார். வேண்டுமென்றேதான் அந்தப் பக்கம் திரும்பிப் பேசுகிறார். திட்டுகிறாரா, வேலையை விட்டுப் போகச் சொல்கிறாரா, வேறு ஏதாவது சமாதானமா? முன்பானால் அந்த முதுகைப் பார்த்து ஒரு வாலை ஒட்டிக்கொண்டு வெளியே போயிருப்பாள். செண்பகவல்லி நாற்காலிகளை ஒதுக்கி, நீள மேஜையை முழுக்கச் சுற்றி நடந்தாள். அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றாள். அவர் ஓரடி பின்னால் போக வேண்டியிருந்தது.

"இப்பச் சொல்லுங்க," என்றாள்.

இவ்வளவு பக்கத்தில் அவர் மேலுதட்டு வியர்வைகூடத் தெரிந்தது. உதடுகள் மூடியிருந்தன.